சோலார்: பேட்டரியோடு போடலாமா, ஈபி லைனோடு சேர்க்கலாமா?

காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பேட்டரி கிடையாது, ஈபி லைனோடு சேர்த்த ஆன்கிரிட் வகை. குடியாத்தத்தில் அண்ணன் வீட்டில் இருப்பது பேட்டரி வகை. இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஆன்கிரிட்டே போடுங்கள்.

வெயிலுக்கு வேலூரில் பஞ்சமில்லை. எந்த வகையானாலும் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட் வரும். 2024-ல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். லைனோடு இணைத்தால்தான் உண்டு.

என்னை முடிவெடுக்க வைத்தது பேட்டரி பராமரிப்புதான். அண்ணன் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே நான்கு டியூபுலர் பேட்டரிகள், ஈயமும் அமிலமும் கொண்ட வகை. மாதாமாதம் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். அண்ணி வெந்நீரில் துடைத்து வாசலின் தடவுவார். ஒரு கோடையில் இரண்டு மாதம் வெளியூர் போய் வந்தபோது தண்ணீர் வற்றி உள்ளே தகடே தெரிந்தது. நாலாவது வருடமே நான்கையும் மாற்றினார்கள். அதுவரை கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. சூடும் ஒரு காரணம்: 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த பேட்டரியின் ஆயுள் பாதியாகிவிடும். கத்திரியில் 40-ஐத் தாண்டுகிற ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்?

எங்களுக்கு அந்த வேலையே இல்லை. பகலில் மிஞ்சுகிற கரண்ட் லைனுக்குப் போகிறது, இரவில் எடுத்துக்கொள்கிறோம், நெட் மீட்டர் கழித்துக் கணக்குப் போடுகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் பேனலைக் கழுவுவேன். போர் தண்ணீர் வேண்டாம், உப்புக் கறை படிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் சோலார் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் மின்சாரம் பாயக்கூடாதே! அதற்காகப் பழைய சின்ன இன்வெர்ட்டரை வைத்திருக்கிறோம், இரண்டு ஃபேனுக்கும் லைட்டுக்கும். மீட்டர் மாற்ற இரண்டு மாதம் அலைந்தோம், அதுவரை பேனல் சும்மா கிடந்தது. அடிக்கடி கரண்ட் போகிற கிராமம் என்றால் அண்ணன் வழிதான் சரி. லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் நான் பயன்படுத்தியதில்லை.

அப்புறம், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீடுகள் அவசரப்பட வேண்டாம். இலவச யூனிட் போக வரும் சின்ன பில்லை வைத்து எந்த வகையிலும் போட்ட பணத்தை எடுக்க முடியாது. வாடகை வீட்டுக்காரர்களுக்கோ மாடியே சொந்தமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் நிற்கிறார்கள்.