ஒற்றைத் தலைவலி: உணவுத் தடையா, பக்டீரியாக் குளிசையா, சாளைக் கறியா?

ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுகிறவருக்குக் கொழும்பில் ஆலோசனைக்குக் குறைவில்லை. அதைத் தொடாதே, இதைச் சாப்பிடாதே என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பாமசியில் கேட்டால் குடலுக்கு நல்ல பக்டீரியா அடங்கிய குளிசையை எடுத்து நீட்டுவார்கள். மீனையும் சமையல் எண்ணெயையும் மாற்றிப் பாருங்கள் என்று சொல்பவர்கள்தான் அரிது. அக்காவுக்காக மூன்றையும் தேடி வாசித்த நான், இந்த மூன்றாவதையே முதலில் வைப்பேன்.

தடைப்பட்டியலிலும் நியாயம் உண்டு. 2016இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் வாயிலும் மலத்திலும் உணவிலுள்ள நைட்ரேட் என்ற உப்பை மாற்றும் பக்டீரியா மரபணுக்கள் சற்று அதிகம் இருப்பதைக் கண்டார்கள். வாயிலுள்ள பக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். அது உடலில் நைட்ரிக் ஒக்சைட்டாகி இரத்தக் குழாய்களை விரிக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை பலருக்குத் தலையிடி தருவதும் நைட்ரிக் ஒக்சைட்டால்தான். ஆகவே இந்த உப்புகளைச் சேர்த்துப் பதப்படுத்திய சொசேஜ் உள்ள பணிஸைச் சந்தேகிக்கலாம். ஆனால் அந்த ஆய்வு காட்டியது தொடர்பைத்தான், காரணத்தை அல்ல. நைட்ரேட் கீரையிலும் பீட்றூட்டிலும் நிறைய உண்டு. அவற்றையும் விலக்கினால் குடல் பக்டீரியாவுக்குத் தேவையான நார்ச்சத்துதான் குறையும். சொக்கலேட் மீது எழும் ஆசையோ சில வேளைகளில் வலி தொடங்கப்போவதன் அறிகுறி. திரும்பத் திரும்ப வலி தந்த உணவை மட்டும் குறித்துவைத்து விலக்கினால் போதும்.

குளிசையின் கதை இன்னும் குழப்பமானது. 2017இல் நெதர்லாந்தில் 63 பேரிடம் நடந்த சோதனையில் பக்டீரியாப் பொடிக்கும் பக்டீரியா இல்லாத போலிப் பொடிக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2019இல் ஈரானில் 14 வகைப் பக்டீரியாக்களைச் சேர்த்துக் கொடுத்தபோது வலி குறைந்தது. எந்த வகை என்று பெட்டியில் எழுதியிராத குளிசைக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டித் தயிரை உணவாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

இனி மீன். 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான சோதனையில் 182 பேர் 16 வாரங்கள் பங்குகொண்டார்கள். மாதத்தில் சராசரியாக 16 நாட்கள் தலையிடியோடு கிடந்தவர்கள் அவர்கள். மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பை மட்டும் கூட்டியவர்களுக்கு, வழமையான உணவை உண்டவர்களைவிட மாதத்தில் ஏறத்தாழ 2 நாட்கள் வலி குறைந்தது. அதோடு சமையல் எண்ணெய்களிலுள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பையும் குறைத்தவர்களுக்கு 4 நாட்கள். அன்றாட வாழ்க்கைப் பாதிப்பை அளந்த வினாக்கொத்தில் மட்டும் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. யாரும் தம் மருந்தை நிறுத்திவிட்டு இதைச் செய்யவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த அமிலம் சோயா, சூரியகாந்தி எண்ணெய்களில் பாதி அளவோ அதற்கு மேலோ உண்டு. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 2 வீதம்தான். கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் அதையும் அளவோடுதான் ஊற்ற வேண்டும். மீனைப் பொரிக்காமல் கொறுக்காய்ப்புளியும் மிளகும் போட்டுச் சட்டியில் வற்றவைத்தால் எண்ணெயே தேவைப்படாது.

வெள்ளவத்தைச் சந்தையில் சாளை வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்க வேண்டும். வயிறு உடைந்திருந்தால் வேண்டாம். ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில் பக்டீரியா ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது, அதுவே தலையிடியைக் கிளப்பும். பழைய மீனை வாங்கிச் சமைத்துவிட்டு, மீன் எனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டியவர்களும் இருப்பார்கள்.

சைவ உணவுக்காரருக்கு ஆளிவிதை முழு மாற்று ஆகாது. அதிலுள்ள ஒமேகா-3இல் சிறு பகுதியையே உடல் மீனெண்ணெய் வகையாக மாற்றும். அவர்கள் சமையல் எண்ணெயை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். வெள்ளிக்கிழமை விரதமென்று பகல் முழுவதும் பட்டினி கிடப்பதையும் தவிர்க்க வேண்டும். வெறும் வயிறு பலருக்கு வலியைக் கொண்டுவரும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மீனெண்ணெய்க் குளிசை தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.