நெல்சனா, போர்ட்லாந்தா? இரண்டு மரக்கூரைகள்

மரத்தில் கட்டிய விமான நிலையம் என்று யாராவது சொன்னால் எனக்கு இரண்டு சந்தேகம் வரும். மரம் எங்கிருந்து வந்தது? பாரத்தைத் தாங்குவது அந்த மரம்தானா, இல்லை பின்னால் எஃகு ஒளிந்திருக்கிறதா?

நியூசிலாந்தின் நெல்சன் சின்ன ஊர். 2019-இல் முடிந்த அதன் விமான நிலைய முனையத்தை வடிவமைத்தது ஸ்டூடியோ பசிபிக் நிறுவனம். தூணும் உத்தரமும் எல்விஎல் என்ற அடுக்குப் பலகை. பென்சில் சீவுவதுபோல பைன் கட்டையைச் சுற்றிச் சுற்றி மெல்லிய ஏடுகளாக உரிக்கிறார்கள். நார் ஒரே திசையில் இருக்கும்படி அவற்றை அடுக்கி, பசை போட்டு அழுத்தினால் எல்விஎல் தயார். அதைச் செய்யும் ஆலை பக்கத்திலேயே, ரிச்மண்டில் இருக்கிறது. மரம் நட்டு வளர்த்த ரேடியேட்டா பைன். காட்டை அழித்து எடுத்ததல்ல.

எனக்குப் பிடித்தது அதன் மூட்டுகள்தான். அது நிலநடுக்கம் வரும் பூமி. மரம் நன்றாக வளையும், ஆனால் மூட்டில் பிளந்துவிடும். அதனால் பல்பல்லாகச் செதுக்கிய எஃகுத் தகடுகளை வில்வளையத்தோடு இறுக்கி வைத்திருக்கிறார்கள். குலுங்கும்போது தகடுகள் வழுக்கி அதிர்வைத் தின்னும், அப்புறம் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த வகை உராய்வு மூட்டை உலகிலேயே முதலில் போட்ட கட்டடம் இதுதான்.

2024 ஆகஸ்டில் திறந்த அமெரிக்காவின் போர்ட்லாந்து விமான நிலையக் கூரை வேறு ரகம். பரப்பு சுமார் 9 ஏக்கர்! வடிவமைப்பு இசட்ஜிஎஃப் நிறுவனம். கட்டும்போது நிலையத்தை மூடவே இல்லை. ஓடுதளத்துக்குப் பக்கத்தில் கூரையைப் பெரிய துண்டுகளாகச் செய்து, இரவில் நகர்த்தி வந்து தூக்கி வைத்தார்கள். டக்ளஸ் ஃபிர் மரம் சுற்றுவட்டாரம் 300 மைலுக்குள் எடுத்தது. அதில் கணிசமான பங்கு, யாகமா, கோக்கில் போன்ற பழங்குடிகளின் காடுகள் உட்பட, எந்தக் காட்டில் வெட்டியது என்று தடம் சொல்ல முடியும். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கூரையைத் தாங்கி நிற்பவை கவட்டைபோலப் பிரியும் 34 எஃகுத் தூண்கள். தப்பில்லை, அவ்வளவு அகலத்துக்கு அது தேவை. மரக்கட்டடம் என்று மட்டும் முழுசாகச் சொல்லிவிடக் கூடாது.

நம்மில் பலர் பார்த்திருக்கும் பெங்களூரு இரண்டாம் முனையத்தின் மூங்கில்? அழகு. தொங்குவது மூங்கில், தாங்குவது எஃகு. அதை இந்தப் போட்டியில் சேர்க்க மாட்டேன்.

தீப்பிடிக்காதா என்பார்கள். கனத்த உத்தரம் வெளியே கரியாகும், அதுவும் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும்.

நடுத்தர ஊர் ஒன்று என்னைக் கேட்டால் நெல்சனைத்தான் காட்டுவேன். சரி, ஒரு நிபந்தனையோடு: நெல்சனுக்கு ஆலை கூப்பிடு தூரத்தில் இருந்தது. பலகையைக் கப்பலில் வரவழைத்துக் கட்டும் ஊருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.