ஒரு வயதுக் குழந்தைப் படம்: ஃப்ளாஷா, எல்இடி விளக்கா?

தவழ்ந்து ஓடும் வயதுக்கு ஃப்ளாஷே மேல். 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) குழந்தையிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி பக்கவாட்டில் வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8 (எண் பெரிதானால் திறப்பு சிறிதாகும், முன்பின் தெளிவு கூடும்), ஷட்டர் வேகம் 1/160 நொடி. ஃப்ளாஷ் கண நேரமே மின்னுவதால், குழந்தை கையை ஆட்டினாலும் படம் கலங்காது. குழந்தை அரைச் சாண் முன்னே நகர்ந்தாலும் கண் தெளிவாகவே இருக்கும்.

எல்இடியில் வெளிச்சம் குறைவு என்பதால் பெரும்பாலும் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 800-க்குப் போக வேண்டிவரும். இமை கூர்மையாக விழுந்தால் காது மங்கும். ஷட்டர் வேகத்தை 1/60-க்குக் குறைத்தால் விரல்கள் இழுபடும். மலிவான விளக்கென்றால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

ஃப்ளாஷுக்குத் திடுக்கிட்டு அழும் குழந்தைக்கு மட்டும் எல்இடி. அதற்கு முன், அம்மா மடியில் உட்காரவைத்து, ஃப்ளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி நாலைந்து முறை மின்னவிட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் பழகிவிடும். எந்த விளக்கானாலும் ஸ்டாண்டின் காலில் மணல்மூட்டை கட்டாயம்.