சரிவுத் தலையணை: 14 மாதம் படுத்துப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சரிவுத் தலையணை ஹயாட்டஸ் ஹெர்னியாவை, அதாவது இரைப்பையின் மேல் பாகம் நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும் கோளாறை, குணப்படுத்தும் பொருள் இல்லை. எந்தத் தலையணையாலும் அது முடியாது. ஆனால் படுத்த கொஞ்ச நேரத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்து, நடு ராத்திரியில் புரையேறி, கண்ணில் நீர் வர இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு, ஒரு ராத்திரி முழுசாகத் தூங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். எனக்கு அந்தத் தூக்கம் திரும்பக் கிடைத்தது. ஆனால் முதலில் வாங்கிய தலையணையில் அது கிடைக்கவில்லை, இரண்டாவதில்தான் கிடைத்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் விளக்கமாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் நான் வாங்கும்முன் படித்த மதிப்புரைகள் எல்லாம் ஃபோம் மெத்தென்று இருக்கிறது, உறை நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிட்டன.

எனக்கு நெஞ்செரிச்சல் பல வருடமாகவே உண்டு. அதை வெறும் அசிடிட்டி என்று நினைத்து, எரியும்போது ஒரு மாத்திரையைச் சப்பிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே வேறு சிலதும் இருந்தன, ஆனால் அவற்றை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. காலையில் எழுந்ததும் குரல் கரகரவென்று இருக்கும். சளி இல்லாமலே வறட்டு இருமல். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு முட்டிக்கொள்ளும். ஷூ கயிறு கட்டக் குனிந்தால் வாயில் புளிப்பு. நெஞ்சுக்குழியில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு அழுத்தம் இருக்கும், பெரிதாக ஒரு ஏப்பம் வந்தால் கொஞ்சம் தளரும். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. ஆனால் குனியும்போது, படுக்கும்போது, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு என்று மூன்று நேரத்தில்தான் எல்லாமே கூடுகின்றன என்பதைக் கவனித்திருந்தால் டாக்டரிடம் முன்னாடியே போயிருப்பேன்.

கடைசியில் என்னைப் போகவைத்தது நெஞ்சுவலி. ஒரு ராத்திரி நடு நெஞ்சில் அழுத்தி, முதுகு வரை வலித்தது. அவசர சிகிச்சைக்குப் போய் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் எண்டோஸ்கோபி செய்தார்கள். இந்த வரிசையை யாரும் மாற்றக்கூடாது. இதய வலியையும் உணவுக்குழாய் வலியையும் நாமே பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கும். வலி கை, தாடைக்குப் பரவினாலோ, வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ தலையணையை நிமிர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எண்டோஸ்கோபியில் வந்தது 3 செ.மீ. ஹயாட்டஸ் ஹெர்னியா, சறுக்கும் வகை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையில் உணவுக்குழாய் கீழே இறங்குவதற்கு ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளை தளர்ந்து அகலமாகும்போது இரைப்பையின் மேல் பாகம் அது வழியாக நெஞ்சுப் பக்கம் ஏறிவிடுகிறது. சாதாரணமாக உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத் தசையும், அதைச் சுற்றியிருக்கும் உதரவிதானமும் ஒரே இடத்தில் சேர்ந்து இறுக்கிப் பிடிப்பதால்தான் அமிலம் மேலே வராமல் நிற்கிறது. இரைப்பை மேலே சறுக்கியதும் அந்த இரண்டு பிடியும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. இந்த நோய் வருபவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்தச் சறுக்கும் வகைதான், அதில் பலருக்குத் தொந்தரவே இருக்காது. வயது 50 தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், நாள்பட்ட இருமலோ மலச்சிக்கலோ உள்ளவர்கள், பளு தூக்குபவர்கள், கர்ப்பிணிகள் எனப் பலருக்கும் வருவதற்குப் பொதுவான காரணம் வயிற்றுக்குள் கூடும் அழுத்தம்.

சரி, தலையணைக்கு வருகிறேன். டாக்டர் சொன்னது, தலைமாட்டை 15 முதல் 20 செ.மீ. உயர்த்திப் படுங்கள் என்று. நான் முதலில் செய்தது, வீட்டில் இருந்த சாதாரணத் தலையணை மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. கழுத்து வலித்ததுதான் மிச்சம். காரணம் எளிது, அடுக்கிய தலையணை தலையையும் கழுத்தையும்தான் தூக்குகிறது, நெஞ்சு மெத்தையிலேயே கிடக்கிறது, உடம்பு நடுவில் மடிந்து வயிறு இன்னும் அமுங்குகிறது.

அப்புறம் சரிவுத் தலையணை ஒன்று வாங்கினேன். பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம், ஆப்பு மாதிரி. உயரம் 25 செ.மீ., நீளம் 45 செ.மீ. உயரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன், அதுதான் தப்பு. நீளம் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் இருந்ததால் சரிவு செங்குத்தாக இருந்தது, அதன் அடி விளிம்பு சரியாக என் முதுகின் நடுவில் வந்து நின்றது. அதாவது உடம்பு மடிவது விலாவுக்குக் கீழே, இரைப்பை இருக்கும் இடத்திலேயே. எதுக்களிப்பு குறையவே இல்லை, ஓரிரு நாள் கூடக்கூடச் செய்தது. ராத்திரி முழுக்கக் கீழே சறுக்கி வந்து, விடியும்போது தலை மட்டும் அதன் மேல் இருக்கும். பத்து நாளில் ஓரங்கட்டிவிட்டேன்.

இரண்டாவது தலையணை வாங்கும்முன் ஒரு அளவு நாடாவை எடுத்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, இடுப்பு எலும்பிலிருந்து உச்சந்தலை வரை அளந்துகொண்டேன். எனக்கு 84 செ.மீ. வந்தது. அதற்கு நெருக்கமான நீளத்தில், 80 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம் உள்ளதாகத் தேடி வாங்கினேன். முதல் தலையணையைவிட உயரம் குறைவு, ஆனால் முதுகு முழுவதும் ஒரே நேர்கோட்டில் சாய்கிறது, மடிப்பு இடுப்பில் விழுகிறது, வயிறு நீண்டு விரிந்தே இருக்கிறது. வித்தியாசம் நாலாவது ராத்திரியிலேயே தெரிந்தது. விற்பவர்கள் பெரும்பாலும் உயரத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள், நீளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே வாங்குபவர்கள் நீளத்தை முதலில் பாருங்கள், அகலத்தை அடுத்து பாருங்கள், அதன் பிறகு உயரம்.

அகலம் ஏன் என்றால், இதில் புரள இடம் வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எனக்கு இன்னும் நன்றாக இருக்கிறது. இரைப்பையின் வடிவம் அப்படி, இடது பக்கம் படுக்கும்போது உணவுக்குழாய் சேரும் வாய் மேலேயும் அமிலம் தேங்கும் பை கீழேயும் இருக்கும். வலது பக்கம் படுத்தால் நேர் எதிர். ஆனால் சரிவில் ஒருக்களித்துப் படுத்தால் இடது தோள்பட்டை அமுங்குகிறது, இது உண்மையான குறை. முதல் இரண்டு வாரம் தோள் வலித்தது. தட்டையான சின்னத் தலையணை ஒன்றைக் கழுத்துக்குக் கொடுத்து, இன்னொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்ததும் வலி போய்விட்டது. தோளில் ஏற்கனவே பிரச்சினை உள்ளவர்கள் இதை யோசித்து வாங்குங்கள்.

சறுக்குவது இதிலும் கொஞ்சம் உண்டு. வழவழப்பான உறையைக் கழற்றிவிட்டு சொரசொரப்பான பருத்தித் துணி உறை போட்டேன், முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை வைத்தேன், அதோடு நின்றது. மேல்பகுதி மெமரி ஃபோம், வெக்கையான ராத்திரிகளில் முதுகு வியர்க்கிறது. புதிதில் ஒரு ரசாயன வாடை இருந்தது, ஜன்னலோரம் மூன்று நாள் வைத்ததில் போனது.

இனி முக்கியமான விஷயம், இது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை. எனக்கு டாக்டர் பான்டோபிரசோல் கொடுத்தார், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். அது அமிலம் சுரப்பதைக் குறைக்கிறது, எரிச்சல் போகிறது, புண்பட்ட உணவுக்குழாய் ஆறுகிறது. ஆனால் திரவம் மேலே ஏறுவதை மாத்திரை நிறுத்துவதில்லை, ஏறும் திரவத்தில் அமிலம் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மாத்திரை சாப்பிட்டும் பலருக்கு எதுக்களிப்பும் இருமலும் தொடர்கின்றன, மாத்திரை வேலை செய்யவில்லை என்று அவர்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஏறுவதைத் தடுக்க ராத்திரியில் புவியீர்ப்பு துணை நிற்கும், தலையணை அதைத்தான் பயன்படுத்துகிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைக்க வேண்டாம். நான் தலையணை நன்றாக இருக்கிறதே என்று என் இஷ்டத்துக்கு மாத்திரையை விட்டுப் பார்த்தேன், எரிச்சல் முன்பைவிட மோசமாக வந்தது. பிறகு டாக்டரிடம் கேட்டுத்தான் படிப்படியாக அளவைக் குறைத்தேன்.

பகலில் தலையணை எதுவும் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் விடுவது, ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவது, இடுப்பு பெல்ட்டைத் தளர்த்துவது, குனிவதற்குப் பதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுப்பது, இவையெல்லாம் சேர்ந்துதான் எனக்குப் பகல் தொந்தரவு குறைந்தது. நேரம் கழித்துச் சாப்பிட்டுவிட்டு நேராகப் போய்ப் படுத்த நாட்களில் இந்தத் தலையணையும் கைவிட்டது.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துவது இன்னொரு வழி. முழு உடம்பும் ஒரே சரிவில் இருப்பதால் மடிப்பே கிடையாது, அந்த வகையில் தலையணையைவிட மேல். ஆனால் பக்கத்தில் படுப்பவரும் சேர்ந்து சாய வேண்டும், கட்டை நகராமல் பள்ளம் வெட்டியதாக இருக்க வேண்டும். தனியாகப் படுப்பவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

யாருக்கு இது போதாது என்றால், இரைப்பை உணவுக்குழாயின் பக்கவாட்டில் ஏறும் வகை உள்ளவர்களுக்கு. அதில் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. திடீரென்று தாங்க முடியாத மேல்வயிற்று வலி, குமட்டியும் வாந்தி வராத நிலை வந்தால் அது அவசரம். ரத்த வாந்தி, காபித்தூள் மாதிரி வாந்தி, கறுப்பாக மலம் போனாலும் அப்படியே, தாமதிக்கக் கூடாது. விழுங்கும்போது சாப்பாடு நெஞ்சில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. பெரிய ஹெர்னியாவில் இரைப்பை உதரவிதானத்தில் உரசி மெதுவாக ரத்தம் கசிந்து இரும்புச்சத்து குறைவது உண்டு, சோர்வு என்று ஒதுக்கிவிடுவார்கள். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது, இரைப்பையைக் கீழே இழுத்து, துளையைத் தைத்துச் சிறிதாக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி வளைத்துத் தைப்பார்கள். ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் 1950களில் கொண்டுவந்த முறை, இப்போது சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

14 மாதத்தில் தலையணை எப்படி இருக்கிறது என்றால், உறையின் ஜிப் ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது, தைத்துக்கொண்டேன். ஃபோம் அமுங்கியிருக்கிறது, வாங்கும்போது 20 செ.மீ. இருந்த உயரம் போன வாரம் அளந்தபோது 18 தான் இருந்தது. படுக்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். ராத்திரி இருமல் மறுபடி தலைகாட்டினால் முதலில் அளவு நாடாவைத்தான் எடுப்பேன், 15க்குக் கீழே போனால் மாற்றிவிடுவேன், இதே நீளத்தில், இன்னும் கொஞ்சம் கெட்டியான ஃபோமில்.