புரொப்பேன் தொட்டி யாருடையது என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்: மிச்சிகனில் எங்கள் முதல் குளிர்காலம்

அமெரிக்காவில் நகரத்தை விட்டுத் தள்ளி, கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெட்ராய்ட் புறநகரில் வாடகைக்கு இருந்த வரை வீட்டைச் சூடாக்கும் எரிவாயு தெருவுக்கு அடியில் குழாயில் வந்தது; மாதம் ஒரு பில், அவ்வளவுதான். சென்ற அக்டோபரில் நாங்கள் வாங்கிய வீடு இருக்கும் சாலைக்கு அந்தக் குழாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, புரொப்பேன் என்ற எரிவாயுவைத் திரவமாக அடைத்துவைக்க, கொல்லையில் 500 கேலன் (ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்) கொள்ளும் வெள்ளைத் தொட்டி ஒன்று இருந்தது. வீட்டை விற்ற முதியவர், தொட்டி புரொப்பேன் விற்கும் நிறுவனத்துக்குச் சொந்தமானது, அவர்களை அழைத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழைத்தேன். முதல் நிரப்பலுக்குக் கேலன் 1.69 டாலர் என்றும், தொட்டியின் அளவை அவர்களே கணக்கிட்டுத் தீரும் முன் வந்து நிரப்பிவிடுவார்கள் என்றும், நான் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றும் அழைப்பை எடுத்த பெண்மணி மிகக் கனிவாகப் பேசினார். ஐந்தாண்டு ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. அலைபேசியிலேயே விரலால் கையெழுத்திட்டேன். முதல் நிரப்பலுக்குப் பின் ‘அன்றைய சந்தை விலை’ என்று நாலாம் பக்கத்தில் இருந்ததை நான் படித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. ஊரில் கேஸ் சிலிண்டர் வாங்கிப் பழகிய புத்தி அது. அங்கே எந்த ஏஜென்சியில் பதிந்தாலும் ஒரே நகரத்தில் 14.2 கிலோ சிலிண்டருக்கு அறிவிக்கப்பட்ட ஒரே விலைதான். அதே நினைப்பில், சந்தை விலை என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு விலை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி முதல் வாரம் தொட்டியின் மூடியைத் திறந்து, அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். 20 விழுக்காட்டில் நின்றது. தாமே வருவதாகச் சொன்னவர்கள் வராததால் நானே அழைத்தேன். லாரி வந்தது, 300 கேலன் நிரப்பியது, கதவு இடுக்கில் ரசீதைச் செருகிவிட்டுச் சென்றது. கேலன் 3.79 டாலர், மொத்தம் 1,137. அதற்குக் கீழே எரிபொருள் கூடுதல் கட்டணம், அபாயகரப் பொருள் கட்டணம் என்று இரண்டு சிறு வரிகள் வேறு.

முதலில் எனக்கு அளவின் மேல்தான் சந்தேகம் வந்தது. 500 கேலன் தொட்டியில் 300 கேலன் என்றால் முள் 60 விழுக்காடு ஏற வேண்டும். 20இலிருந்து 77க்குத்தான் ஏறியிருந்தது. ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் ஏமாற்றவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். குளிரில் திரவப் புரொப்பேன் சுருங்கும் என்பதால், லாரியின் மீட்டர் அதை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கக்கூடிய கன அளவுக்கு மாற்றித்தான் ரசீதில் அச்சிடுகிறது. தொட்டியின் மிதவை முள்ளும் தோராயமானதே. வெப்பத்தில் விரிய இடம் வேண்டும் என்பதற்காகத் தொட்டியை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பவும் மாட்டார்கள். ஆகவே 500 கேலன் தொட்டி என்றால் கைக்கு வருவது 400தான். மீட்டரின் மேல் ஐயம் வந்தால் மாநில வேளாண்மைத் துறையின் எடை, அளவைப் பிரிவில் முறையிடலாம். கொள்ளை நடந்தது விலையில்.

அது எனக்குத் தெரிந்தது பக்கத்து நிலத்து விவசாயியின் சமையலறை மேசையில். அவர் தன் ரசீதை எடுத்து என் ரசீதின் பக்கத்தில் வைத்தார். அதே நிறுவனம், அதே நாள், அதே லாரி எண். இரண்டு ரசீதுகளுக்கும் இடையே நாற்பது நிமிடம்கூட இல்லை. அவருக்குக் கேலன் 2.29. நானும் அவரைப் போல 300 கேலன்தான் வாங்கியிருந்தேன்; வித்தியாசம் 450 டாலர். ஒன்றும் சொல்லாமல் சன்னல் வழியாகத் தன் தொட்டியைக் காட்டினார். அது அவர் காசு கொடுத்து வாங்கிய தொட்டி. எந்த டீலரையும் அழைக்கலாம் என்பதால், அவரை இழக்காதபடி விலை சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. என் தொட்டியோ அவர்களுடையது. இன்னொரு டீலரின் லாரி அதைத் தொடாது. நான் மூவரை அழைத்துப் பார்த்தேன், மூவருமே முதலில் கேட்டது தொட்டி யாருடையது என்பதைத்தான்.

நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோது, கடும் குளிர், நாடு முழுக்கத் தட்டுப்பாடு, மொத்த விலையே ஏறிவிட்டது என்றார்கள். இந்தப் பதிலை அப்படியே நம்பாதீர்கள். தட்டுப்பாடு உண்மையாகவே வந்த ஆண்டு ஒன்று உண்டு. 2013 இலையுதிர் காலத்தில் ஈரத்தோடு அறுவடையான சோளத்தை உலர்த்த மத்திய மேற்கு மாநிலங்களில் பெருமளவு புரொப்பேன் செலவாகி, குளிர் தொடங்கும் முன்பே இருப்பு கரைந்தது. கனடாவிலிருந்து புரொப்பேன் கொண்டுவந்த கோச்சின் குழாய்த்தடம் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. பின்னர் அதன் ஓட்டத் திசையே மாற்றப்பட்டு, இப்பக்கம் புரொப்பேன் கொண்டுவருவது நின்றுபோனது. அதன் மேல் ஜனவரி 2014இல் துருவக் குளிர் இறங்கியதும், கான்சஸின் கான்வே மொத்தச் சந்தையில் கேலன் விலை 4 டாலரைத் தாண்டியது; லாரி ஓட்டுநர்களின் பணிநேர வரம்பைக்கூட அரசு தளர்த்த வேண்டியிருந்தது. அன்று ஊருக்கே விலை ஏறியது. சென்ற ஜனவரியில் ஏறியது என் ரசீதில் மட்டும்.

இதை எப்படிச் சரிபார்ப்பது? டெக்சாஸின் மோன்ட் பெல்வியூ, கான்வே ஆகிய இரண்டு இடங்களிலும் நிலத்தடி உப்புக் குகைகளில் புரொப்பேனைச் சேமிக்கிறார்கள். அங்கே உருவாகும் விலைதான் நாட்டின் மொத்த விலைக்கு அடிப்படை. மிச்சிகனுக்கு கனடாவின் சார்னியா பக்கமிருந்தும் சரக்கு வருகிறது. இந்த இடங்களிலிருந்து குழாய், ரயில், பெரிய டேங்கர் லாரி என்று மாறி மாறி டீலரின் கிடங்குக்கு வந்து, கடைசியில் ஏறத்தாழ 3,000 கேலன் கொள்ளும் சிறு லாரியில் வீட்டுக்கு வருகிறது. மொத்த விலைக்கும் வீட்டு விலைக்கும் இடைவெளி இருப்பது நியாயமே. பனிக்காலத்தில் கிராமச் சாலைகளில் லாரி ஓட்டுவது எளிதான பிழைப்பல்ல. எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் அக்டோபர் முதல் மார்ச் வரை வாரந்தோறும் மாநில வாரியாக வீட்டுப் புரொப்பேன் விலையை வெளியிடுகிறது. நான் பார்த்த வாரம், மிச்சிகன் சராசரி என் விலையைவிட ஒரு டாலருக்கும் மேல் குறைவாக இருந்தது. மின்சாரம் போலப் புரொப்பேனுக்கு விலை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலப் பொதுச் சேவை ஆணையத்துக்கு இல்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு மகள் குளிர்கிறது என்று வந்து எழுப்பினாள். வெளியே மைனஸ் 4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 20 செல்சியஸ். வீட்டுக்குள் 49 ஃபாரன்ஹீட். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மூன்று முறை பற்றவைக்க முயன்று நின்றுவிட்டிருந்தது. முழங்கால் பனியில் நடந்து தொட்டியின் மூடியைத் திறந்தால், முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க எல்லாக் குழாய்களையும் சொட்டவிட்டு, இரண்டு மின்சார ஹீட்டர்களோடு பதினோரு மணி வரை ஓட்டினோம்.

காரணம் பின்னால் தெரிந்தது. நாளின் சராசரி வெப்பநிலை 65 ஃபாரன்ஹீட்டுக்கு எத்தனை டிகிரி கீழே போகிறதோ அதை நாள்தோறும் கூட்டி, அந்த வீட்டின் பழைய வாயுச் செலவோடு பெருக்கித்தான் லாரியை எப்போது அனுப்புவது என்று கணக்கிடுகிறார்கள். அவர்களிடம் இருந்த பழைய செலவு, வீட்டை விற்ற முதியவருடையது. அவரும் மனைவியும் ஆண்டுதோறும் வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50 ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுக் குளிர்காலத்தை ஃபுளோரிடாவில் கழித்தவர்கள்! ஜனவரியில் நான் அழைத்து நிரப்பிய பிறகும் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. தவறு அவர்களுடையது, ஆனால் அவசர விநியோகத்துக்கு 200 டாலர், கசிவுச் சோதனைக்கு 150 டாலர் என்று பில் எனக்கு வந்தது. வாயு அறவே தீர்ந்து நின்றுவிட்டால் மறுபடி திறக்கும் முன் கசிவுச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்பது பாதுகாப்பு விதி; அதில் குறை சொல்ல மாட்டேன். அதற்கு யார் பணம் தருவது என்பதுதான் கேள்வி.

இரண்டு ரசீதுகளின் படங்களையும், அழைப்புகளின் தேதிகளையும் வைத்து மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்தேன். ஆறு வாரத்தில் 350 டாலரும் திரும்ப வந்தது. விலை வித்தியாசம் வரவில்லை. ஒப்பந்தத்தில் சந்தை விலை என்று இருக்கிறதே, அதில் கையெழுத்து என்னுடையதுதானே.

மே மாதம் விலகினேன். முன்கூட்டி முறித்ததற்கு ஒரு கட்டணம், தொட்டியில் எஞ்சியதை உறிஞ்சி எடுக்க ஒரு கட்டணம், எடுத்த வாயுவுக்கு நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவான விலை. வீடு வாங்குபவர்கள் விற்பவரிடமே தொட்டி சொந்தமா வாடகையா என்று எழுத்தில் கேளுங்கள். வாடகை என்றால் குளிர்காலம் முழுமைக்குமான உச்ச விலையையும், விலகும் கட்டணத்தையும், வாயு தீர்ந்தால் செலவு யாருடையது என்பதையும் எண்ணாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தானியங்கி விநியோகம் இருந்தாலும் முள்ளை வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். 30க்கு வந்தால் அழைத்துவிடுங்கள்.

எங்கள் சொந்தத் தொட்டி ஜூலையில் வந்தது. கோடை விலையில், வேறொரு டீலரிடம், கேலன் 1.84க்கு நிரப்பியிருக்கிறோம். பழைய தொட்டியை எடுத்துச் செல்லும்படி நான்கு முறை எழுதியும் இன்னும் யாரும் வரவில்லை. காலியாகக் கொல்லையிலேயே நிற்கிறது. நேற்று அதற்கு ஆண்டு வாடகை பில் வந்திருக்கிறது.