ரத்தம் கேட்டு எங்கே பதிவிடுவது? குரூப், பிராட்காஸ்ட், பேஸ்புக், ஸ்டேட்டஸ் – ஓர் அலசல்

ஊர் அளவில் ரத்ததானச் சேவை செய்யும் அறக்கட்டளைக்கு ஒரு கோரிக்கை வந்ததும் உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் பகிர்கிறார்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் டோனர் கிடைத்து ரத்தமும் ஏறிவிடும். செய்தி மட்டும் நிற்பதில்லை. தேதி போடாத "அவசரம், பி நெகட்டிவ்" அடுத்த மாதம் வேறு மாவட்டத்தில் சுற்றும், அடுத்த வருடமும் சுற்றும். நோயாளி இறந்து போயிருக்கலாம். அவர் மகனுக்கு இரவு பதினோரு மணிக்கு "இன்னும் ரத்தம் வேணுமாங்க?" என்று போன் வரும். கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

ஆகவே இந்த ஒப்பீட்டில் எத்தனை பேரைச் சேரும் என்பதைக் கடைசியாக வைத்திருக்கிறோம். தேவை முடிந்ததும் செய்தியை நிறுத்த முடியுமா, யாருடைய எண் யாருக்குத் தெரிகிறது, இந்த இரண்டும்தான் முதலில்.

சாதாரண வாட்ஸ்அப் குரூப்

ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். அந்த வசதிதான் சிக்கல். ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ரத்தம் கொடுக்கப் பெயர் கொடுத்த கல்லூரிப் பெண்ணுக்கு, முகம் தெரியாதவரிடமிருந்து "ஹாய்" வரத் தொடங்கினால் அவர் குரூப்பை விட்டுப் போவார், ரத்தம் கொடுப்பதையும் விட்டுவிடுவார். இன்னொன்று, காலை வணக்கப் படங்கள். நாளுக்கு நாற்பது படம் வந்தால் ஆட்கள் மியூட் போட்டுவிடுவார்கள். உண்மையான கோரிக்கை அந்தக் கூட்டத்தில் புதைந்து போகும்.

தவறாக எழுதியதைத் திருத்த 15 நிமிடம்தான். எல்லோருக்கும் சேர்த்து அழிக்க ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு, ஆனால் அது அந்த குரூப்பில் உள்ளதை மட்டும்தான் அழிக்கும். ஃபார்வர்டு ஆன ஒவ்வொன்றும் தனிப் பிரதி. அதில் உங்கள் கை படாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் இது தேவையான இடம்தான்: ஒருங்கிணைப்பாளர்கள் பதினைந்து, இருபது பேருக்கு மட்டும். "நான் ஜி.எச்.சுக்குப் போறேன்", "சரி, நான் நோயாளிகூட இருக்கற அட்டெண்டர்கிட்ட பேசிடுறேன்" என்று உடனுக்குடன் பேசிக்கொள்ள இதைவிட நல்லது இல்லை. அழைப்பு லிங்க்கை வெளியே போடாதீர்கள். புதியவர் சேர அட்மின் அனுமதி வேண்டும் என்ற அமைப்பைப் போட்டு வையுங்கள். லிங்க் கசிந்தால் ரீசெட் செய்யுங்கள்.

பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் அறிவிப்புக் குழுவும்

வாட்ஸ்அப்பில் பல குரூப்களை ஒன்றாக இணைக்கும் கம்யூனிட்டி தொடங்கினால் கிடைக்கும் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதலாம், உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். ரத்த வகைக்கு ஒன்றாக உள்குழுக்கள் அமைக்கிறார்கள். ஒரே உள்குழுவில் இருப்பவர்களுக்கு எண்கள் மறுபடி தெரிந்துவிடும். மறைத்ததன் பயனே போய்விடுகிறது.

வகை வாரியாகப் பிரிக்க, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பழைய பிராட்காஸ்ட் லிஸ்ட்டே மேல். ஒரு லிஸ்ட்டில் 256 பேர். பதில் தனித்தனியாக உங்களுக்கே வரும், யாருக்கும் யாரையும் தெரியாது. நிபந்தனை ஒன்றுதான்: உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காதவருக்குச் செய்தி போகாது. ஆகவே முகாமில் பெயர் எழுதும் மேசையிலேயே "இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லி, கண்முன் செய்ய வையுங்கள். நெகட்டிவ் வகையினர் நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். அவர்களுக்கு 256 தாராளம்.

இன்னொரு பெரிய நன்மை, யாருக்கு அனுப்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும்தான் ரத்தம் கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்த தேதியை நோட்டில் வைத்து, நாள் ஆகாதவரை லிஸ்ட்டிலிருந்து எடுத்து வைக்கலாம். குரூப்பில் அது முடியாது. போன மாதம் கொடுத்தவரும் பதறிக்கொண்டு கிளம்பி, ரத்த வங்கியில் திருப்பி அனுப்பப்படுவார்.

வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, ஆனால் அவர்கள் பதில் எழுதவும் முடியாது. ஜூன் 14 (உலக ரத்ததான தினம்), அக்டோபர் 1 (தேசியத் தன்னார்வ ரத்ததான தினம்) முகாம் அறிவிப்புகளுக்கு நல்லது. அவசரக் கோரிக்கைக்கு வேண்டாம்.

பேஸ்புக் பக்கம்

மோசடி அதிகம் நடப்பது இங்கேதான். நோயாளியின் அட்டெண்டர் எண்ணைப் பொதுவில் போட்டால், "நான் டோனர், பஸ் ஏறிட்டேன், வழிச் செலவுக்கு ஐந்நூறு ஜிபே பண்ணுங்க" என்று அழைப்பு வரும். பதறியிருப்பவர்கள் அனுப்பிவிடுவார்கள். ஆள் வரமாட்டார். அதனால் பக்கத்தில் எப்போதும் அறக்கட்டளையின் எண் மட்டும். கமென்ட்டில் யாராவது எண் போட்டால் அதையும் மறைத்துவிடுங்கள். ரத்தக் கோரிக்கையோடு க்யூஆர் கோடு ஒட்டவே கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். ரத்தத்துக்கு விலை கிடையாது. ரத்த வங்கி வாங்குவது பரிசோதனைக்கும் பதப்படுத்தலுக்கும் ஆன கட்டணம், அது அங்கேயே செலுத்தப்படுவது.

மூன்று நாள் கழித்தும் பதிவு ஒருவர் கண்ணில் படலாம் என்பது அடுத்த குறை. ஆனால் பலர் கவனிக்காத ஒரு வலுவும் இதற்கு உண்டு. பேஸ்புக்கில் ஷேர் என்பது பிரதி அல்ல, மூலப் பதிவையே காட்டும் சன்னல். மூலத்தின் முதல் வரியில் "தேவை முடிந்தது, பகிர வேண்டாம்" என்று சேர்த்தால் ஷேர் ஆன இடமெல்லாம் அது தெரியும். வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இதற்கு வழியே இல்லை. நிறுத்த முடியுமா என்ற கேள்வியில் பேஸ்புக்தான் ஜெயிக்கிறது. இந்த வலு கிடைக்க வேண்டுமானால் கோரிக்கையை எழுத்தாகப் போடுங்கள். சிவப்புப் பின்னணியில் போஸ்டர் செய்து எல்லா விவரத்தையும் படத்துக்குள் அடைத்தால், திருத்தவும் முடியாது, அந்தப் படம் தனியே இறங்கி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும்.

உறுப்பினரின் சொந்த ஸ்டேட்டஸ்

தனி உறுப்பினருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 24 மணி நேரத்தில் தானாக மறையும். உங்களுக்கு அறிமுகமானவர்கள்தான் பார்ப்பார்கள், "நான் வரேன்ணே" என்று உங்களிடமே சொல்வார்கள். அதை ஒருங்கிணைப்பாளரிடம் சேர்த்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. பத்து குரூப்புக்கு ஃபார்வர்டு செய்வதைவிட ஒரு ஸ்டேட்டஸ் மேலானது.

கோரிக்கை எப்படி இருக்க வேண்டும்

வழக்கமாக வருவது இப்படி: "மிக மிக அவசரம்!! 7 வயது சிறுமி, ரத்தப் புற்றுநோய், ஓ நெகட்டிவ் உடனே தேவை, அப்பா எண்... அதிகம் பகிரவும்." இதில் குழந்தையின் நோய் ஊருக்கே தெரிகிறது. எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, எதுவரை என்ற மூன்றும் இல்லை.

அதே கோரிக்கை இப்படி இருக்கலாம்: "கோரிக்கை 14. ஓ நெகட்டிவ், 2 யூனிட். அரசு மருத்துவமனை ரத்த வங்கி, மதுரை. 12ஆம் தேதி மாலை 5 மணி வரை மட்டும். தொடர்புக்கு: அறக்கட்டளை எண். நேரம் கடந்தால் பகிர வேண்டாம்."

நோயாளியின் பெயர் தேவையில்லை. ரத்த வங்கியில் டோனர் சொல்ல வேண்டிய பெயரையும் வார்டையும் அவர் கிளம்பும்போது தனியாகச் சொன்னால் போதும். தட்டணு (பிளேட்லெட்) தேவை என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். ஒரே டோனரிடமிருந்து இயந்திரம் வழியாகத் தட்டணுவை மட்டும் பிரித்தெடுக்கும் எஸ்.டி.பி. முறையில் டோனர் கூடுதல் நேரம் உட்கார வேண்டியிருக்கும். எடுத்த தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் தேதி இன்னும் முக்கியம்.

டோனர் படம் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள், பின்னணியில் வேறு நோயாளி இருந்தால் வெட்டிவிடுங்கள். ரத்தம் ஏறும் குழந்தையின் படத்தை நன்றிப் பதிவில் போடவே வேண்டாம். ரத்த வங்கி ஒருவரைத் திருப்பி அனுப்பினால் ஏன் என்று குரூப்பில் கேட்கக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்திருக்கலாம், வேறு ஏதாவது இருந்திருக்கலாம். எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. "ரிஜெக்ட் ஆயிட்டாராம்" என்ற ஒரு வரிகூட ஊகத்துக்கு வழி திறந்துவிடும்.

பரவலாகப் போட வேண்டிய ஒரே நேரம்

பாம்பே ரத்த வகை. 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட இந்த அரிய வகையினருக்கு ஓ வகை ரத்தம்கூட ஏற்ற முடியாது. உள்ளூர் லிஸ்ட்டில் ஒருவரும் இருக்கமாட்டார். அப்போது பேஸ்புக் பக்கத்தில் எழுத்தாகப் போட்டு, வாட்ஸ்அப்பில் அந்தப் பதிவின் லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். விவரத்தைத் தனியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். லிங்க்கைத் திறப்பவர் எப்போது திறந்தாலும் அன்றைய நிலையைத்தான் பார்ப்பார். பதிவிடும்போதே அதை மூடப்போவது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அவர் போனில் சார்ஜ் இறங்கிப் போனால் மூட இன்னொரு அட்மினும் வேண்டும். இருவர் கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் அமைப்பு) போட்டிருக்க வேண்டும்.