ஆர்டி 350: போர்ட்டை அராவலாமா, சேம்பர் மாட்டலாமா?

என்னிடம் இருப்பது யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் இங்கே செய்த ராஜ்தூத் 350 டூ-ஸ்ட்ரோக் பைக், அதிலும் எல்டி (லோ டார்க்) ரகம்: காகிதத்தில் 27 குதிரைத்திறன், எச்டி (ஹை டார்க்) ரகத்துக்கோ 30.5. ஏக்கம் வரத்தானே செய்யும்? பெங்களூரு ஜேசி ரோட்டில் விசாரித்தால் ஒருவர் போர்ட்டிங் (சிலிண்டரின் வாயு வழிகளை அராவிப் பெரிதாக்குவது) என்பார், அடுத்த கடைக்காரர் எக்ஸ்பான்ஷன் சேம்பர் (சைலன்சருக்குப் பதில் மாட்டும் உப்பிய குழாய்) என்பார்.

எக்ஸாஸ்ட் போர்ட்டின் (புகை வெளியேறும் வழியின்) மேல்விளிம்பை அராவினால் சக்தி மேல் ஆர்பிஎம்முக்கு ஓடிவிடும். தும்கூர் ரோட்டில் பறக்கலாம், ஆனால் சில்க் போர்டு நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்தே கை மரத்துப்போகும். தவிர, அராவிய இரும்பு திரும்பி வராது, மனசு மாறினால் வேறு சிலிண்டர்தான் தேட வேண்டும்.

சேம்பர் பிடிக்காவிட்டால் ஞாயிறு மதியம் கழற்றிவிட்டுப் பழைய சைலன்சரை மாட்டிக்கொள்ளலாம், ஆனால் சேம்பர் மாட்டிய கையோடு மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) பெரிதாக்கியே ஆக வேண்டும். நான் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், ஹெப்பாள் மேம்பாலத்தில் பெட்ரோல் போதாமல் வலது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் பிளக் முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஜெட் மாற்றிய பிறகு வறுத்த காப்பிக்கொட்டை நிறம், அதுதான் சரி.

தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறவர் என்றால் சேம்பர்தான், சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.